'மாநிலத்துக்கு ஓகே... அதிபர் பதவிக்கு நோ!' அமெரிக்க தலைவர்களை சொந்த ஊர் மக்களே தடுப்பது ஏன்?

2020 ஆகஸ்ட் மாதம். திருவாரூர் மாவட்டத்தில் மன்னார்குடிக்கு அருகே இருக்கும் துளசேந்திரபுரம் என்ற சின்ன கிராமம் திடீரென உலக டிவி சேனல்களில் எல்லாம் வந்தது. காரணம், அந்த ஊரைப் பூர்வீகமாகக் கொண்ட பி.வி.கோபாலனின் பேத்தி கமலா ஹாரிஸ், அமெரிக்க துணை அதிபர் வேட்பாளராக அறிவிக்கப்பட்டிருந்தார். ஊரில் பேனர் வைத்தார்கள், கோயிலில் வேண்டிக்கொண்டார்கள். "நம்ம ஊர் பொண்ணு ஜெயிக்கணும்" என்பதுதான் அங்கே எல்லோருடைய பேச்சும்.

ஆனால், அதற்கு எட்டு மாதங்களுக்கு முன்னால் நடந்த ஒரு விஷயம் நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்காது. கமலா ஹாரிஸ் பிறந்து, வளர்ந்து, அரசியல் செய்த கலிஃபோர்னியா மாநிலமே, 'இவர் அதிபர் வேட்பாளராக வேண்டுமா?' என்று கேட்டபோது உதட்டைப் பிதுக்கியது. 2019 ஜனவரியில் ஓக்லாந்து நகரில் பிரம்மாண்ட கூட்டத்துடன் பிரசாரத்தைத் தொடங்கியவர், ஆண்டு முடிவதற்குள் கலிஃபோர்னியா கருத்துக்கணிப்புகளிலேயே ஒற்றை இலக்க சதவீதத்துக்குச் சரிந்தார். 2019 டிசம்பர் 3-ம் தேதி போட்டியிலிருந்தே விலகினார். அப்போது ஒரு மாநிலத்தில்கூட வாக்குப்பதிவு தொடங்கியிருக்கவில்லை.

எங்கோ ஏழு கடல் தாண்டியிருக்கும் கிராமம் கொண்டாடுகிறது, சொந்த மாநிலம் தயங்குகிறது. ஏன் இப்படி? கமலாவுக்கு மட்டும் நடந்ததா இது? இல்லை. அமெரிக்க அரசியலில் இது திரும்பத் திரும்ப நடக்கும் கதை. 2028 அதிபர் தேர்தலுக்கான பெயர்கள் அடிபடும் இந்த நேரத்தில், இந்தக் கதையை விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் ஒரு சின்ன பேக்ரவுண்ட்

நம்ம ஊரில் குடியரசுத் தலைவரை எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் தேர்ந்தெடுக்கிறார்கள். அமெரிக்காவில் அப்படி இல்லை. மக்கள் இரண்டு கட்டங்களாக வாக்களிக்கிறார்கள்.

முதல் கட்டம், 'பிரைமரி' எனப்படும் உட்கட்சித் தேர்தல். ஜனநாயகக் கட்சி சார்பில் யார் நிற்பது, குடியரசுக் கட்சி சார்பில் யார் நிற்பது என்பதை ஒவ்வொரு மாநிலத்திலும் வாக்காளர்களே முடிவு செய்வார்கள். இரண்டாவது கட்டம், நவம்பரில் நடக்கும் பொதுத்தேர்தல். இதில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை 'தேர்வாளர் வாக்குகள்' என்று கணக்கு உண்டு. கிட்டத்தட்ட எல்லா மாநிலங்களிலும், அந்த மாநிலத்தில் முதலிடம் பிடிப்பவருக்கு மொத்தமும் போய்விடும். மொத்தம் 538. 270 எடுப்பவர் அதிபர்.

இன்னொரு விஷயம். அங்கே ஆளுநர் என்றால் மத்திய அரசு நியமிப்பவர் இல்லை. மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பவர். நம்ம ஊர் முதலமைச்சர் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். அதிபர் ஆசை அதிகம் வருவது இந்த ஆளுநர்களுக்கும் செனட்டர்களுக்கும்தான்.

ஒரே கேள்வி இல்லை, மூன்று கேள்விகள்!

ஒரு தலைவரின் பெயர் அதிபர் பதவிக்கு அடிபடத் தொடங்கியதும், அவரது மாநிலத்தில் கருத்துக்கணிப்பு நடத்துவது அமெரிக்காவில் வழக்கம். ஆனால், அதில் கேட்கப்படும் கேள்விகள் வேறு வேறு.

ஒன்று: 'இவர் இப்போது பார்க்கும் வேலை உங்களுக்குத் திருப்தியா?'

இரண்டு: 'இவர் அதிபர் தேர்தலில் போட்டியிட வேண்டுமா?'

மூன்று: 'போட்டியிட்டால் இவருக்கு ஓட்டுப் போடுவீர்களா?'

மேலோட்டமாகப் பார்த்தால் மூன்றும் ஒன்றுதானே என்று தோன்றும். இல்லவே இல்லை. ஒரே ஆள் முதல் கேள்விக்கு 'ஆமாம்', இரண்டாவது கேள்விக்கு 'வேண்டாம்', மூன்றாவது கேள்விக்கு மீண்டும் 'ஆமாம்' என்று சொல்லலாம். "நல்லா வேலை பார்க்கிறார், அதனால் இங்கேயே இருக்கட்டும். ஆனால் நின்னுட்டார்னா, எங்க கட்சிக்காரர்தானே, போட்டுத்தான் ஆகணும்" என்பதுதான் அந்தப் பதிலின் அர்த்தம்.

செய்தித் தலைப்பில் வருவது பெரும்பாலும் இரண்டாவது கேள்விக்கான பதில். 'சொந்த மாநிலமே எதிர்ப்பு' என்று போட்டால் க்ளிக் ஆகும், இல்லையா? ஆனால் அந்த 'வேண்டாம்'-க்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும்.

'வேண்டாம்' என்று சொல்ல நான்கு காரணங்கள்

முதல் காரணம், எதிர்க்கட்சி ஓட்டு. மாநில வாக்காளர்களில் ஒரு பெரிய பகுதி எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர்கள். அவர்கள் எப்போது கேட்டாலும் 'வேண்டாம்' என்றுதான் சொல்வார்கள். கணிப்பு தொடங்கும்போதே முப்பது, நாற்பது சதவீதம் எதிராக எழுதப்பட்டுவிடுகிறது.

இரண்டாவது, 'எங்க வேலையை யார் பார்ப்பது?' என்ற கவலை. அதிபர் பிரசாரம் என்பது ஒன்றரை, இரண்டு வருட வேலை. அயோவா, நியூ ஹாம்ப்ஷைர் என்று வேறு மாநிலங்களில் அலைய வேண்டும். அந்த நாட்களில் சொந்த மாநில நிர்வாகம் என்ன ஆகும்?

மூன்றாவது, நெருக்கம். தூரத்தில் இருப்பவர்களுக்கு மேடைப் பேச்சு மட்டும்தான் தெரியும். உள்ளூர்க்காரர்களுக்கு ரோடு, ஸ்கூல், வரி, ஊழல் புகார் என எல்லாமே தெரியும். பக்கத்தில் இருப்பவரின் குறைதானே முதலில் கண்ணில் படும்!

நான்காவது, எதிரில் நிற்பவர் யார் என்பது. தேசிய அளவில் ஒரு பெரிய தலைவர் கட்சியையே கையில் வைத்திருந்தால், 'நம்ம ஊர்க்காரர்' என்ற பாசம் பெரிதாக எடுபடாது.

இந்த நான்கையும் உண்மைச் சம்பவங்களோடு பார்க்கலாம்.

கிறிஸ் கிறிஸ்டி: 60 சதவீதத்திலிருந்து 15-க்கு!

'எங்க வேலையை யார் பார்ப்பது?' என்ற கவலைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. நியூ ஜெர்சி, ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமான மாநிலம். அங்கே குடியரசுக் கட்சியைச் சேர்ந்த கிறிஸ் கிறிஸ்டி, 2013-ல் சுமார் 60 சதவீத வாக்குகளுடன் மீண்டும் ஆளுநரானார். 'அடுத்த அதிபர் இவர்தான்' என்று பேச்சு ஆரம்பித்தது.

பிறகு நடந்தது வேறு. 2013 செப்டம்பரில் ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்துக்குச் செல்லும் பாதைகள் மூடப்பட்டு, ஃபோர்ட் லீ என்ற ஊரே டிராஃபிக்கில் சிக்கித் தவித்தது. அந்த ஊர் மேயரைப் பழிவாங்க கிறிஸ்டிக்கு நெருக்கமானவர்கள் செய்த வேலை இது என்ற புகார், 2014 ஜனவரியில் மின்னஞ்சல்கள் வெளியானபோது வெடித்தது. தனக்குத் தெரியாமல் நடந்தது என்றார் கிறிஸ்டி. அதோடு, 2015-ல் அவர் அதிபர் பிரசாரத்துக்காக ஆண்டின் பல நாட்களை மாநிலத்துக்கு வெளியே கழித்தார். கூடவே போகும் பாதுகாப்பு போலீசாருக்கான செலவு நியூ ஜெர்சி மக்களின் வரிப்பணத்திலிருந்து போனதும் சர்ச்சையானது.

2016 பிப்ரவரியில் நியூ ஹாம்ப்ஷைரில் ஆறாவது இடம். அடுத்த நாளே போட்டியிலிருந்து விலகினார். சரி, ஊர் திரும்பிவிட்டாரே, மக்கள் மன்னித்தார்களா? 2017 ஜூனில் குவின்னிபியாக் பல்கலைக்கழகம் நடத்திய கருத்துக்கணிப்பில், அவரது பணி திருப்தி என்று சொன்னவர்கள் வெறும் 15 சதவீதம்!

அதிபர் கனவும் போச்சு, இருந்த பெயரும் போச்சு. சொந்த மாநில மக்கள் 'போகாதீங்க' என்று சொல்வதை அலட்சியம் செய்தால் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதற்கு இன்றுவரை அரசியல் விமர்சகர்கள் காட்டும் கணக்கு இது.

ஒரே நாள்... இரண்டு சொந்த மாநிலங்கள்!

2016 மார்ச் 15. குடியரசுக் கட்சியின் பிரைமரி ஒரே நாளில் ஃப்ளோரிடாவிலும் ஓஹியோவிலும் நடந்தது. ஃப்ளோரிடாவில் அந்த மாநில செனட்டர் மார்கோ ரூபியோ. ஓஹியோவில் அந்த மாநில ஆளுநர் ஜான் கேசிக். இருவருக்கும் எதிரே ஒரே ஆள், டொனால்ட் ட்ரம்ப்.

முடிவு? ஃப்ளோரிடாவில் ட்ரம்ப் சுமார் 46 சதவீதம், ரூபியோ 27 சதவீதம். மாநிலத்தில் உள்ள 67 கவுன்ட்டிகளில் ரூபியோ ஜெயித்தது, தான் வசிக்கும் மியாமி-டேட் ஒன்றில் மட்டும். அன்று இரவே விலகினார். ஓஹியோவில் கேசிக் சுமார் 47 சதவீதம் எடுத்து ட்ரம்பைத் தோற்கடித்தார்.

ஏன் இந்த வித்தியாசம்? கேசிக் அப்போது பதவியில் இருந்த ஆளுநர். 2014-ல் பெரிய வித்தியாசத்தில் மீண்டும் ஜெயித்தவர். அவரது வேலையை மக்கள் தினமும் பார்த்தார்கள். ரூபியோவோ செனட் வாக்கெடுப்புகளுக்குப் பல முறை வரவில்லை என்ற விமர்சனத்தைச் சந்தித்தவர். 'வேலையைப் பாருங்கள், இல்லை ராஜினாமா செய்யுங்கள்' என்ற ரீதியில் ஃப்ளோரிடா நாளிதழ் ஒன்று தலையங்கமே எழுதியது.

ஆனால் இங்கே ஒரு ட்விஸ்ட். அதே ஆண்டு நவம்பரில் ரூபியோ மீண்டும் செனட்டர் பதவிக்கு நின்றார். ஃப்ளோரிடா அவரை வசதியான வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்தது. மார்ச்சில் வாக்களித்தது அவரது கட்சியினர் மட்டும், நவம்பரில் வாக்களித்தது மாநிலம் முழுவதும் என்ற வித்தியாசம் உண்டுதான். இருந்தாலும் செய்தி ஒன்றுதான்: 'உங்களைப் பிடிக்காமல் இல்லை. அந்தப் பதவிக்கு இப்போது வேண்டாம்.'

ஓஹியோவின் கதையிலும் இன்னொரு பக்கம் உண்டு. கேசிக் மொத்த பிரைமரியிலும் ஜெயித்த ஒரே மாநிலம் ஓஹியோதான். வீட்டுக்குள் ஆதரவு இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு அவரும் உதாரணம்.

நிக்கி ஹேலி, எலிசபெத் வாரன்: பாசம் எடுபடாத இடங்கள்

தென் கரோலினாவில் பிறந்து வளர்ந்தவர், இந்திய வம்சாவளியைச் சேர்ந்த நிக்கி ஹேலி. 2011 முதல் 2017 வரை அங்கே ஆளுநர். 2024 பிப்ரவரி 24-ம் தேதி நடந்த தென் கரோலினா பிரைமரியில் ட்ரம்புக்கு எதிராக நின்றார். ட்ரம்ப் சுமார் 60 சதவீதம், ஹேலி சுமார் 40 சதவீதம்.

இதில் வலிக்கும் விஷயம் என்ன தெரியுமா? 2012-ல் டிம் ஸ்காட்டை செனட்டராக நியமித்தவரே ஆளுநர் ஹேலிதான். அந்த டிம் ஸ்காட், இந்த பிரைமரியில் ட்ரம்பை ஆதரித்தார். கட்சி முழுக்க ட்ரம்ப் பக்கம் சாய்ந்துவிட்ட பிறகு, ஊர்ப்பாசம், நன்றிக்கடன் எதுவும் செல்லுபடியாகவில்லை.

ஜனநாயகக் கட்சியிலும் இதே நிலைதான். 2020-ல் மாசசூசெட்ஸ் செனட்டர் எலிசபெத் வாரன், சொந்த மாநில பிரைமரியில் ஜோ பைடன், பெர்னி சாண்டர்ஸ் ஆகியோருக்குப் பின்னால் மூன்றாவது இடம் பிடித்தார். இரண்டு நாளில் விலகினார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2018-ல், அவரைப் பெரும் வித்தியாசத்தில் செனட்டராகத் தேர்ந்தெடுத்ததும் அதே மாசசூசெட்ஸ்தான்.

கிளிண்டன் கொடுத்த வாக்கு

எல்லோருமே தோற்றுவிடவில்லை. 1990-ல் ஆர்கன்சா ஆளுநர் தேர்தலில் நின்ற பில் கிளிண்டன், 'நான்கு ஆண்டு பதவிக்காலத்தையும் முழுமையாக முடிப்பேன்' என்று வாக்குக் கொடுத்தார். அடுத்த வருடமே அதிபர் ஆசை. வாக்கு என்ன ஆவது?

கிளிண்டன் செய்தது இதுதான். 1991-ல் மாநிலம் முழுக்கச் சுற்றி, 'அந்த வாக்கிலிருந்து என்னை விடுவிப்பீர்களா?' என்று மக்களிடம் பேசினார். அரசியல் நாடகம் என்று எதிர்த்தரப்பு விமர்சித்தது. நாடகமோ இல்லையோ, கேட்டுவிட்டுப் போனார். 1992 பொதுத்தேர்தலில் மும்முனைப் போட்டி. கிளிண்டன் பாதிக்கு மேல் வாக்கு வாங்கிய ஒரே மாநிலம் ஆர்கன்சாதான். தலைநகர் வாஷிங்டன் டி.சி. தனிக்கணக்கு.

பராக் ஒபாமாவும் 2006 ஜனவரியில், செனட்டர் பதவிக்காலத்தை முழுமையாக முடிப்பேன் என்று டிவி பேட்டியில் சொன்னவர்தான். 2008-ல் அதிபர் தேர்தலில் நின்றார். இல்லினாய்ஸ் மக்கள் கோபப்படவில்லை, அள்ளிக்கொடுத்தார்கள். நியூயார்க் செனட்டர் கிர்ஸ்டன் கில்லிப்ராண்டும் 2018-ல் அதே மாதிரி சொல்லிவிட்டு, 2019 தொடக்கத்திலேயே அதிபர் களத்தில் குதித்தார். ஆனால் சில மாதங்களில், ஆகஸ்டிலேயே விலக வேண்டி வந்தது.

ஆக, வாக்குத் தவறுவது மட்டுமே யாரையும் தோற்கடிப்பதில்லை. ஆனால் வேறு காரணங்களால் சரிவு தொடங்கும்போது, 'எங்களை விட்டுட்டுப் போனவர்தானே' என்ற வருத்தமும் சேர்ந்துகொள்கிறது.

டென்னசி மட்டும் கை கொடுத்திருந்தால்...

சொந்த மாநிலம் கைவிட்டதால் அமெரிக்க வரலாறே மாறிய தேர்தல் ஒன்று உண்டு. 2000-ம் ஆண்டு அதிபர் தேர்தல். ஜார்ஜ் புஷ் - அல் கோர் போட்டி. ஃப்ளோரிடாவில் 537 வாக்கு வித்தியாசம், மறு எண்ணிக்கை, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு... இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் அல் கோருக்கு ஃப்ளோரிடாவே தேவைப்பட்டிருக்காது! அவர் எம்.பி.யாகவும் செனட்டராகவும் பதினாறு ஆண்டுகள் பிரதிநிதியாக இருந்த டென்னசி மாநிலத்துக்கு அப்போது 11 தேர்வாளர் வாக்குகள். அதை ஜெயித்திருந்தால் 270-ஐத் தாண்டியிருப்பார். டென்னசி அவருக்கு 47 சதவீதம்தான் கொடுத்தது, புஷ்ஷுக்கு 51.

இதற்கு நேரெதிர், 1984-ல் வால்டர் மான்டேல். ரொனால்ட் ரீகன் அலையில் 49 மாநிலங்களை இழந்த அவருக்கு, டி.சி.யைத் தவிர கை கொடுத்த ஒரே மாநிலம் சொந்த ஊரான மின்னசோட்டா. அதுவும் 4 ஆயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில்!

அதேசமயம், சொந்த மாநிலத்தில் தோற்றும் அதிபரானவர்கள் உண்டு. 2016-ல் ட்ரம்ப், அப்போது தான் வசித்த நியூயார்க்கில் பெரிய வித்தியாசத்தில் தோற்றார். ஆனாலும் வெள்ளை மாளிகைக்குப் போனார். நியூயார்க் எப்படியும் ஜனநாயகக் கட்சிக்குத்தான் என்று தெரிந்ததால், அந்தத் தோல்வி யாரையும் ஆச்சரியப்படுத்தவில்லை. 2012-ல் மிட் ராம்னி, தான் ஆளுநராக இருந்த மாசசூசெட்ஸில் தோற்றதும் இதே ரகம்தான்.

அதாவது, சொந்த மாநில ஆதரவு என்பது இழுபறி மாநிலங்களில்தான் முடிவை மாற்றும். ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்துவிட்ட மாநிலங்களில் அது கௌரவப் பிரச்னை மட்டுமே.

2028-ல் யாருக்கு என்ன சிக்கல்?

இப்போது பேசப்படும் பெயர்களை இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம்.

கேவின் நியூசம், கலிஃபோர்னியா ஆளுநர். அவரது பதவிக்காலம் 2027 ஜனவரியில் முடிகிறது. சட்டப்படி மீண்டும் ஆளுநராக முடியாது. எனவே 'வேலையை விட்டுட்டுப் போறீங்களா?' என்ற கேள்வி அவருக்குப் பெரிதாக எழாது. ஆனால் வீட்டு விலை, வீடற்றோர் பிரச்னை, காட்டுத்தீ என அவரது ரிப்போர்ட் கார்டை அருகில் இருந்து பார்த்தவர்கள் அவர்கள்தான்.

ஜோஷ் ஷபிரோ, பென்சில்வேனியா ஆளுநர். 19 தேர்வாளர் வாக்குகள் கொண்ட இழுபறி மாநிலம். 2022-ல் ஷபிரோ அங்கே சுமார் 15 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். 2024-ல் அதே மாநிலத்தை ட்ரம்ப் கைப்பற்றினார். சொந்த மாநில ஆதரவுக்கு உண்மையான மதிப்பு இருக்கிறது என்றால் அது இங்கேதான். ஆனால் ஆளுநர் பதவிக்கு 2026 நவம்பரில் தேர்தல். ஜெயிப்பவரின் பதவிக்காலம் 2031 வரை. 'நான்கு வருடமும் இருப்பீர்களா?' என்ற, கிளிண்டன் சந்தித்த அதே கேள்வி அவரையும் துரத்தும். இல்லினாய்ஸ் ஆளுநர் பிரிட்ஸ்கருக்கும் இதே நிலைதான்.

ஆண்டி பெஷியர், கென்டக்கி ஆளுநர். ஜனநாயகக் கட்சிக்காரர். 2023-ல் ஜெயித்தார். ஆனால் அடுத்த ஆண்டே கென்டக்கி ட்ரம்புக்குச் சுமார் 30 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் வெற்றி தந்தது. ஆளுநராகப் பிடித்தவரை அதிபராகவும் ஏற்பார்களா என்பதற்கு இதைவிடக் கடினமான பரீட்சை இருக்காது.

கமலா ஹாரிஸோ, 2026 கலிஃபோர்னியா ஆளுநர் தேர்தலில் போட்டியிடப் போவதில்லை என்று 2025 ஜூலையில் அறிவித்துவிட்டார். 2024 பொதுத்தேர்தலில் கலிஃபோர்னியா அவருக்குச் சுமார் 58 சதவீத வாக்குகள் தந்தது. 2019-ல் 'இவர் வேண்டாம்' என்று தயங்கிய அதே மாநிலம்தான் இது. கேள்வி மாறினால் பதிலும் மாறும் என்பதற்கு இது ஒன்றே போதும்.

அடுத்த முறை இப்படிப் படியுங்கள்

'சொந்த மாநிலத்திலேயே எதிர்ப்பு' என்று ஒரு செய்தியை மொபைலில் பார்த்தால், ஷேர் செய்வதற்கு முன் நான்கு விஷயங்களைக் கவனியுங்கள்.

1. என்ன கேள்வி கேட்டார்கள்? 'திருப்தியா', 'நிற்கலாமா', 'ஓட்டுப் போடுவீர்களா' மூன்றும் வேறு.

2. யாரிடம் கேட்டார்கள்? எல்லா வாக்காளர்களிடமுமா, அவரது கட்சியினரிடம் மட்டுமா? சொந்தக் கட்சியினரே பாதிக்கு மேல் 'வேண்டாம்' என்றால்தான் அது நிஜமான அபாய மணி.

3. எத்தனை பேரிடம்? ஆயிரம் பேரிடம் கேட்டால் சுமார் 3 சதவீதப் புள்ளி முன்னே பின்னே போகலாம். அதில் ஒரு கட்சியினர் 400 பேர்தான் என்றால், அந்தப் பகுதிக்கு அது சுமார் 5 ஆகிவிடும். இரண்டு, மூன்று புள்ளி வித்தியாசத்தை வைத்து 'சரிவு' என்று சொல்ல முடியாது.

4. அந்த மாநிலம் இழுபறி மாநிலமா? இல்லையென்றால், அந்தக் கணிப்பு பொதுத்தேர்தலைப் பற்றிப் பெரிதாக எதையும் சொல்லாது.

கடைசியாக ஒன்று. சொந்த மாநில மக்கள் 'போகாதீங்க' என்று சொல்வதை அவமானமாகப் பார்க்க வேண்டியதில்லை. நம்பி ஓட்டுப் போட்டவர்கள், 'எங்களுக்குச் சொன்னதைச் செஞ்சுட்டீங்களா?' என்று கேட்கும் இடம் அது. கிளிண்டன் அந்தக் கேள்வியை நேரில் போய்ச் சந்தித்தார். கிறிஸ்டி அதைத் தாண்டிப் போகப் பார்த்தார். 2028-க்குத் தயாராகும் தலைவர்கள் இந்த இரண்டில் எந்த வழியை எடுக்கப் போகிறார்கள் என்பதற்கான முதல் பதில், சொந்த மாநில வாக்காளர்களிடமிருந்துதான் வரும்.